விபத்து இடத்தில் எடுத்த படத்தை அழிக்கச் சொல்ல போலீஸுக்கு அதிகாரம் உண்டா?

நீங்கள் கேட்டிருப்பது இது: போன வாரம் கடலூர்–புதுச்சேரி சாலையில் ஒரு வேன் கவிழ்ந்த இடத்தில் மொபைலில் ஏழெட்டுப் படம் எடுத்தீர்கள். காவலர் ஒருவர் போனை வாங்கி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?

கிடையாது. உங்களைத் தள்ளி நிற்கச் சொல்லலாம். தள்ளி நின்று நீங்கள் எடுத்ததை அழிக்க அவருக்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. இந்த இரண்டையும் போலீஸும் ஒன்றாக்கிக்கொள்கிறது, படம் எடுக்கிற நாமும் ஒன்றாக்கிக்கொள்கிறோம். பாதிச் சண்டை அதனால்தான்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்துதான் பிழைப்பு. ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரமாகப் படமும் அனுப்புகிறேன். தொழில் கற்றது இன்னொருவரிடம். அந்த நாளில் சந்தேக மரணம், விபத்து என்றால் பிரேத விசாரணைக்குப் படம் எடுக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து முதலாளியைத்தான் கூப்பிடுவார். நான் ஃபிளாஷைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்தபோதும் அப்படித்தான் போனோம். அடையாளம் தெரியாத ஒவ்வொருவரின் முகத்துக்குப் பக்கத்திலும் எண் எழுதிய அட்டையை நான் பிடித்துக்கொள்ள, அவர் எடுத்தார். சில நாள் கழித்து தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஓர் அம்மா அந்தப் பிரிண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்றின் மேல் விரலை வைத்து நிறுத்தினார். பக்கத்தில் நின்ற ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு படம் என்ன செய்யும் என்று போலீஸுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

சட்டத்துக்கு வருகிறேன். பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான தடை எதுவும் நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சு, கருத்துரிமையில்தான் பத்திரிகைக்காரரின் உரிமையும் அடங்கியிருக்கிறது, உங்கள் உரிமையும் அடங்கியிருக்கிறது. கழுத்தில் பிரஸ் கார்டு தொங்கவில்லை என்பதால் உங்களுக்கு அது குறையாது. 'என்னை ஏன் எடுக்கிறாய்' என்று சீருடையில் இருப்பவர் கேட்டால், அதற்குத் தமிழ்நாட்டு வழக்கே பதில் சொல்கிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, அரசு ஊழியர் தன் பணி சார்ந்த செயல்களுக்கு அந்தரங்க உரிமை கோர முடியாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'படம் எடுப்பது என் அடிப்படை உரிமை' என்று ஆங்கிலத்தில் வாதாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாஸ்டனில் போலீஸ் ஒருவரைக் கைது செய்ததை மொபைலில் எடுத்தவருக்கு 2011இல் அந்த ஊர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் நம் கடலூர்ப் பக்கத்து ரெட்டிச்சாவடியில் அது செல்லுபடியாகாது. நம் சட்டத்தைச் சொல்லுங்கள், போதும்.

போலீஸுக்குள்ள அதிகாரத்தையும் முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 172ஆம் பிரிவு, குற்றத்தடுப்புக் கடமையில் போலீஸ் சட்டப்படி இடும் உத்தரவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்கிறது. மறுப்பவரை அங்கிருந்து அப்புறப்படுத்தலாம், பிடித்தும் வைக்கலாம். வேலையைத் தடுத்ததாக வழக்குப் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 221: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போனைப் பிடுங்கும்போது கோபத்தில் அவர் கையைத் தட்டிவிட்டீர்களோ, பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கியதாக அதே சட்டத்தின் 132 வந்துவிடும். அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் கையைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளி நிற்கச் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்த பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருக்கெடுத்து வந்தது. ஆல்பேட்டைப் பக்கம் நல்ல இடம் பார்த்து டிரைபாடை ஊன்றியிருந்தேன். எஸ்.ஐ. ஒருவர் வந்து, "அண்ணே, போட்டோ எடுங்க, வேணாங்கல. கயித்துக்கு அந்தாண்ட நின்னு எடுங்க" என்றார். எனக்கு மனமே இல்லை. டிரைபாடை மடக்கி எடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தீயணைப்பு வண்டி ரப்பர் படகோடு பின்னால் வந்து நின்றது நான் நின்ற அதே இடத்தில்தான். அன்றிலிருந்து கயிறு கட்டினால் நான் பேசுவதில்லை. ரயில் தண்டவாளமும் அப்படித்தான். அது ரயில்வேயின் இடம், அனுமதியில்லாமல் நுழைந்தாலே ரயில்வே சட்டம் 147இன்படி குற்றம்.

சரி, போனையே எடுத்துக்கொண்டால்? குற்றத்துக்குச் சாட்சியம் என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் கைப்பற்றலாம். அதற்கு முறை இருக்கிறது. கைப்பற்றியதைப் பட்டியல் போட்டு மகஜர் (சாட்சிகள் கையெழுத்திடும் கைப்பற்றல் பதிவு) எழுத வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே சன்ஹிதாவின் 105, கைப்பற்றுவதையே ஆடியோ, வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. இவ்வளவும் எதற்கு? படம் பத்திரமாக நீதிமன்றம் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. அழித்துவிட்டுப் போனைக் கையில் கொடுப்பது இதற்கு நேர் எதிரான வேலை. அந்த நேரத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "சார், சாட்சியமா வேணும்னா மகஜர் போட்டு எடுத்துக்குங்க. டெலீட் பண்ண மாட்டேன்." குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

எனக்கு இது தெரியாத காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2019, இதே சாலை. எந்த ஊர் எல்லை, எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்தவரின் பைக்கில் லாரி மோதியிருந்தது. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிப் போய்விட்டது. ரோட்டில் ஒற்றைச் செருப்பும், மூடி திறந்த டிபன் பாக்ஸும், நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வளைந்து வந்த லாரி டயரின் கறுப்புத் தடமும் கிடந்தன. தடம் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. குனிந்து மூன்று படம் எடுத்தேன். "யோவ், டெலீட் பண்ணுய்யா, இதெல்லாம் எடுக்கக் கூடாது" என்று ஒருவர் கத்த, பயத்தில் மூன்றையும் அழித்தேன். அரை மணி நேரத்தில் லாரியை ஓரம் கட்டினார்கள். சாயங்காலம் அடித்த மழையில் தடமும் போய்விட்டது.

பைக்கில் வந்தவர் பிழைக்கவில்லை. அவர் அண்ணன் நாலு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்கு வந்தார். பைக்தான் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டது என்று இன்சூரன்ஸ் தரப்பு சொல்கிறதாம். "நீங்க குனிஞ்சு எடுத்ததைப் பாத்ததா டீக்கடைக்காரர் சொன்னாரு சார்." அந்த மெமரி கார்டை அன்று இரவே தனியாக எடுத்து வைத்திருந்தேன். கார்டில் படத்தை அழித்தாலும், அதன் மேல் வேறு படம் பதியாத வரை உள்ளே கிடக்கும். மீட்பு மென்பொருளில் போட்டதும் மூன்றில் இரண்டு வந்துவிட்டது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கூண்டில் ஏறி, நான் எடுத்த படம்தான் என்று சொன்னேன். அண்ணன் கைகூப்பினார். மூன்றாவது படத்தில்தான் தடத்தின் தொடக்கம் இருந்தது. அது இன்றுவரை வரவில்லை.

எதையும் எடுக்கலாம் என்பதால் எதையும் பரப்பலாம் என்றாகாது. இறந்தவர் முகம், வண்டி நம்பர் தெரியும் படத்தை உடனே குரூப்பில் போடாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பிள்ளை வாட்ஸ்அப்பில் அப்பாவைப் பார்த்துவிடுகிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் நியாய சன்ஹிதா 72இன்படி சிறைக்கே போகலாம். வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவர்களின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டம் 74 தடை போடுகிறது. அப்புறம், அடிபட்டவர் இன்னும் ரோட்டில் கிடந்தால் கேமராவை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்தவரைப் பெயர், முகவரி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன.

இனி உங்கள் போன். ஒரு வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள், அதனால் இன்றே பாருங்கள். பெரும்பாலான போன்களில் அழித்த படம் கேலரியின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள். அங்கிருந்தும் அழித்திருந்தால் மீட்பது கஷ்டம், போனில் மெமரி கார்டு மாதிரி கிடக்காது. கிடைத்தால் வெட்டாமல், நிறம் மாற்றாமல் அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தேதி, நேர விவரம் போய்விடும். வேனில் வந்தவர்களின் வக்கீல் கேட்டால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டியிருக்கும், அதில் உங்களோடு ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அழித்த காவலர் மீது புகார் கொடுப்பதானால் தேதி, நேரம், இடம், நின்றிருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எல்லையிலுள்ள முள்ளோடைக்கு அந்தப் பக்கம் என்றால் புதுச்சேரி போலீஸ், இந்தப் பக்கம் என்றால் கடலூர். இடம் எது என்பதை முதலில் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.