மனசு லைட்டாச்சுன்னு இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?

வணக்கம் அக்கா,

கூட வேலை பார்க்கிற ஒருத்தங்க, அவங்க அம்மா தவறினதுக்கு அப்புறம் ரொம்ப டல்லா இருந்தாங்க. ஆறுதலா இருக்கட்டுமேன்னு 'லைட்டன் அப்'னு மெசேஜ் போட்டேன். மனசு லேசாகட்டும்னுதான் எழுதினேன், ஆனா அன்னிலேருந்து முகம் குடுத்தே பேசமாட்டேங்கிறாங்க. இன்னொரு நாள் மேனேஜருக்கு 'ஆஃப்டர் டாக்கிங் டு யூ, ஐ லைட்டன்ட்'னு மெயில் எழுதினேன், அவர் சிரிச்சிட்டார். டிக்‌ஷனரில லைட்டன், பிரைட்டன், சியர் அப், பெர்க் அப் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கு. எதை எங்க போடறது? லைட்டனிங்குக்கு நடுவுல 'ஈ' உண்டா இல்லையா, அதையும் சொல்லிடுங்க.

உங்க வாசகி

வணக்கம்மா,

மெசேஜ் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். 'லைட்டன் அப்' ஆறுதல் இல்ல, அதட்டல். நம்ம பேச்சுல சொன்னா 'ரொம்ப அலட்டிக்காத, லூஸ்ல விடு'. கிண்டல் பண்ணதுக்கு கோவிச்சுக்கிட்டு உர்ருன்னு உக்காந்திருக்கிறவனைப் பார்த்து சொல்றது அது, 'தேவையில்லாம சீரியஸாகுற'ன்னு ஒரு குத்தமும் அதுக்குள்ளயே இருக்கு. அம்மாவைப் பறிகொடுத்தவங்ககிட்ட 'லூஸ்ல விடு'ன்னு தமிழ்ல சொல்வீங்களா? 'சியர் அப்'பும் அங்க ஆகாது, அது மார்க் குறைஞ்சவங்களுக்கும் மேட்ச்ல தோத்தவங்களுக்கும் சரி. நாம 'மனச தேத்திக்கோங்க'ன்னு துக்க வீட்டுல தாராளமா சொல்றோம், யாரும் தப்பா எடுத்துக்கிறதில்ல, ஆனா இங்கிலீஷ்ல அந்த மாதிரி நேரத்துல அவங்கள எதையாவது செய்யச் சொல்லி எழுதறது உறுத்தும், 'ஐ ஆம் திங்க்கிங் ஆஃப் யூ'ன்னு நம்ம பக்கத்தச் சொல்லிட்டு நிறுத்திக்கிறதுதான் பாந்தமா இருக்கும். அதையே எழுதி, அன்னிக்கு வார்த்தை மாறிப்போச்சுன்னு ஒரு வரியும் சேர்த்து அனுப்பிடுங்க.

மேனேஜர் சிரிச்சது வேற கதை. இதுக்கு கிராமர் புக்கே வேண்டாம், உங்க தமிழே போதும். நாம 'மனசு லேசாச்சு'ன்னு சொல்வோம், 'பாரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு'ன்னு சொல்வோம். 'நேத்துலேருந்து நான் லேசாயிட்டேன்'னு யாராவது சொன்னா டயட்ல இருக்காங்க போலன்னுதான் நினைப்போம். அங்கயும் அதேதான். லைட்டன் ஆகிறது மூட், பாரம், சூழ்நிலை, ஆள் இல்ல. 'மை மூட் லைட்டன்ட்'னு எழுதலாம், ஆளை வெச்சே சொல்லணும்னா 'ஐ ஃபெல்ட் லைட்டர்'. வெறும் 'ஐ லைட்டன்ட்'னா எடை குறைஞ்சதா, கலர் வெளுத்துப்போச்சான்னு குழப்பம் வந்துடும், ஏன்னா அங்க ரெண்டு லைட் இருக்கு, கனமில்லாத லைட் ஒண்ணு, வெளிச்சத்து லைட் ஒண்ணு, ரெண்டுக்கும் வேர் வேற வேற, போகப்போக உச்சரிப்பு ஒண்ணாயிடுச்சு. இதுல கனமில்லாத லைட்டுக்கும் சமஸ்கிருத லகுவுக்கும் பூர்வீகம் ஒண்ணு, அந்த லகுதான் நம்மகிட்ட இலகுன்னு வந்திருக்கு. ஆக நீங்க லைட்டுன்னு சொன்னாலும் இலகுன்னு சொன்னாலும் ஒரே வம்சம்தான்!

உண்மையிலேயே தடுக்கி விடற இடம் இன்னொண்ணு. தமிழ்ல தானா ஆகிறதுக்கும் இன்னொருத்தரை ஆக்கறதுக்கும் வினையே மாறிடும். தேறு, தேற்று. ஆறு, ஆற்று. மகிழ், மகிழ்வி. இங்கிலீஷ்ல பல வினைல இந்த வித்தியாசம் வெளிய தெரியாது. செய்தியைக் கேட்டு அவ பிரைட்டன் ஆனாள்னும் சொல்லலாம், செய்தி அவ முகத்தை பிரைட்டன் பண்ணுச்சுன்னும் சொல்லலாம், ஒரே வார்த்தை. அதப் பார்த்துட்டு எல்லாமே இப்படித்தான்னு நினைச்சா மாட்டிக்குவோம். கிளாடன் (மகிழ்வி), ஹார்ட்டன் (தெம்பூட்டு) ரெண்டும் இன்னிக்கு ஆக்கற வினை மட்டும்தான். 'ஐ ஹார்ட்டன்ட்'னு நிறுத்த முடியாது, 'ஐ வாஸ் ஹார்ட்டன்ட் பை யுவர் லெட்டர்'னுதான் வரணும், அதுவும் கொஞ்சம் விறைப்பான கடிதத்து இங்கிலீஷ், ஃப்ரெண்டுக்கு எழுதினா சிரிப்பாங்க.

இந்த வார்த்தைகளோட கடைசில வர்ற 'என்' (en) விகுதி ஒரு வேடிக்கையான சாமான். டி (t), டி (d), கே, பி மாதிரி வெடிச்சு முடியற, இல்ல எஃப், எஸ், டி-எச் (th)னு உரசி முடியற குட்டி வார்த்தைகளோடதான் அது ஒட்டும். பிரைட்டன், டார்க்கன், டீப்பன், சாஃப்டன் எல்லாம் அப்படி வந்ததுதான். காம், கூல் ரெண்டோடயும் ஒட்டாது, அதனால அதுங்களே வினையாவும் வேலை செய்யுது. ஸாடுலேருந்து ஸாடன் உண்டு, ஆனா ஹேப்பிலேருந்து ஒண்ணும் வராது பாருங்க, ஸாடுக்கு வினை இருக்கு, ஹேப்பிக்கு இல்ல! அதனாலதான் வெளிச்சம், எடை, முகம்னு அங்க இங்க கடன் வாங்கி சமாளிக்கிறாங்க.

முகம்னு ஏன் சொன்னேன்னா, சியர்ங்கிற வார்த்தைக்கு ஆதில அர்த்தமே முகம். பழைய பிரெஞ்சுலேருந்து வந்தது, அப்புறம் முகத்துல தெரியற மனநிலை, அப்புறம் நல்ல மனநிலை மட்டும்னு சுருங்கிடுச்சு. நாம 'முகம் மலர்ந்துச்சு'ன்னு சொல்ற அதே போக்கு. ஆனா 'அப்'ப மறந்துடாதீங்க. 'ஷி சியர்ட் அப்'னா தெளிஞ்சு சிரிச்சா, 'ஷி சியர்ட்'னா கை தட்டி ஆரவாரம் பண்ணா. பிரைட்டன் சட்டுன்னு முகத்துல தெரியற மாற்றம், மனசுக்குள்ள என்ன ஆச்சுன்னு அது சொல்லாது. பெர்க் அப் துவண்டு கிடந்தது தெம்பாகிறது, தூங்கி வழிஞ்சவன் திடீர்னு நிமிர்ந்து உக்கார்றானே, அது. துக்கம் தீர்றதுக்கு அதப் போடவே கூடாது.

கடைசியா ஸ்பெல்லிங். மின்னலுக்கு நடுவுல 'ஈ' கிடையாது, முன்னாடி இருந்தது, உதிர்ந்துபோச்சு. லேசாக்கறதுக்கு, வெளுப்பாக்கறதுக்கு 'ஈ' உண்டு. 'ஈ' போட்ட லைட்டனிங் டாக்டர்கள் வாயிலயும் வரும், பிரசவம் நெருங்கறப்போ குழந்தையோட தலை இடுப்புக்குள்ள இறங்கும், மேல அழுத்தம் குறைஞ்சு அம்மாவுக்கு மூச்சு விட சுலபமாகும், அதுக்குப் பேரு அதுதான், ஆனா அதே நேரம் கீழ அழுத்தம் கூடி அடிக்கடி பாத்ரூம் போகணும்னு யாரும் பேர்ல சேர்க்கல.