நேர்ச்சையை நிறைவேற்றக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விசைப்படகில் தொழிலுக்குப் போன என் கணவர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் இருந்தார். அவர் நல்லபடியாகத் திரும்பினால் ஓரியூர் புனித அருளானந்தர் திருத்தலத்தில் நூறு பேருக்கு அசனம் (பொது விருந்து) கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். அவர் வந்துவிட்டார். படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போது மீன்பிடித் தடைக்காலம் வேறு. நேர்ச்சை பாக்கி இருப்பதால்தான் மீன்பாடு இல்லை என்கிறார் மாமியார். மூன்று வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கி அசனத்தை முடித்துவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, கடன் வாங்க வேண்டாம். அதே வேளையில், உங்கள் நேர்ச்சையை ஒரு மூடப்பழக்கமாக எண்ணி ஒதுக்கிவிடவும் வேண்டாம். கடல்தொழிலுக்குப் போனவர்கள் புயலில் கதறியதையும், ஆண்டவர் அவர்களைக் கரை சேர்த்ததையும், அவர்கள் மக்கள் கூடும் இடத்தில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியதையும் திருப்பாடல் 107 பாடுகிறது. கணவர் சிறையில் இருந்த நாள்களில் உங்கள் வாயிலிருந்து வந்த வாக்கு அந்த மரபைச் சேர்ந்ததுதான். நேர்ந்ததைத் தாமதிக்காமல் செலுத்தச் சொல்கின்றன இணைச்சட்டம் 23ஆம் அதிகாரமும் சபை உரையாளர் 5ஆம் அதிகாரமும். இந்த இரண்டு பகுதிகளை மட்டும் கேட்டவர்களுக்குத்தான் உங்களுக்கு வந்திருக்கும் அச்சம் வருகிறது.

நம்மில் பலர் திறந்தே பார்க்காத லேவியர் நூலின் 27ஆம் அதிகாரம் பெரும்பாலும் நேர்ச்சையைப் பற்றியது. ஆண்டவருக்கென்று நேர்ந்துகொடுக்கப்பட்ட ஆணுக்கு 50 வெள்ளிச் செக்கேல், பெண்ணுக்கு 30 என்று வயதுவாரியாக மதிப்பு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. உடனே 8ஆம் வசனம், அந்த மதிப்பைச் செலுத்த இயலாத ஏழை குருவின் முன் வர வேண்டும், அவருடைய சக்திக்கு ஏற்றபடி குரு மதிப்பிட வேண்டும் என்று சொல்கிறது. இயலாதவர் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டும் என்ற பேச்சே அங்கு இல்லை. அளவைக் குறைக்கும் வழியைச் சட்டம் தந்தவரே சட்டத்துக்குள் வைத்திருக்கிறார். பவுலடிகளும் 2 கொரிந்தியர் 8:12இல், ஒருவரிடம் இருப்பதற்கு ஏற்பவே காணிக்கை ஏற்கப்படுகிறது, இல்லாததற்கு ஏற்ப அல்ல என்கிறார்.

இந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து நியாயமான காரணத்துக்காக ஒருவரை விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (சட்ட எண் 1196). நேர்ந்ததற்குச் சமமான அல்லது அதைவிடச் சிறந்த ஒரு நற்செயலாக நேர்ச்சையை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். சிறிய செயலாக மாற்றுவதென்றால் விடுவிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்க வேண்டும் (1197). நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது (1193). ஆகவே இது மீன்பிடியில் உங்கள் கணவருக்குக் கிடைக்கும் பங்குக் காசின் மேல் விழுந்த சுமை அல்ல.

கடனைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். 20,000 ரூபாய்க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 600, ஆண்டுக்கு 7,200 ரூபாய், அசல் அசையாது. அசனம் ஒரே நண்பகலில் முடிந்துவிடும், வட்டியோ உங்கள் பிள்ளைகளின் தட்டிலிருந்து மாதந்தோறும் எடுக்கப்படும். கடன்காரன் தன் இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான் என்று எலிசாவிடம் அழுத கைம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். பாத்திரங்களெல்லாம் எண்ணெயால் நிரம்பிய பிறகு, அதில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவா என்று அந்த இறைவாக்கினர் கேட்கவில்லை. எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார் (2 அரசர்கள் 4:7). ஆண்டவர் செய்த புதுமையிலேயே கடனுக்குத்தான் முதலிடம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததையும் (மாற்கு 7:9-13) இதனோடு சேர்த்துப் படியுங்கள். முதலாளியின் முன்பணமும் வீட்டுச் சாப்பாடும் நீங்கள் ஏற்கெனவே பட்டிருக்கும் கடன்கள். அவற்றைத் தள்ளிவைத்து நடத்தும் அசனம் ஆண்டவருக்கு உவப்பாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

மாமியாரின் வார்த்தைதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன். பேதுரு இராமுழுவதும் பாடுபட்டும் ஒரு மீன்கூட அகப்படவில்லை என்று லூக்கா 5ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். எந்த நேர்ச்சையைப் பாக்கி வைத்தாய், என்ன பாவம் செய்தாய் என்று இயேசு அவரிடம் கேட்கவில்லை. படகில் ஏறினார், ஆழத்துக்குப் போகச் சொன்னார். மீன்பாடு குறைவதற்கு நீரோட்டம், காற்று, படகுகளின் பெருக்கம் என்று பல காரணங்கள் இருப்பது உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாமியாரை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. மகன் திரும்பி வர வேண்டுமென்று அவரும் அழுதிருப்பார். லூக்காவின் இந்தப் பகுதியை இரவுச் செபத்தில் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையைச் சந்தித்து, முன்பணம் எவ்வளவு, மாத வரவு எவ்வளவு என்பதைக் கூச்சமின்றிச் சொல்லி, நேர்ச்சையின் அளவைக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். ஐந்து ஏழைகளுக்கு உங்கள் வீட்டிலேயே ஒரு வேளைச் சோறு, ஓரியூரில் ஒரு நன்றித் திருப்பலி என்று அவர் சொன்னால், அதுவே முழு நேர்ச்சை. மீதி பாக்கி என்று மனத்தில் கணக்கு வைக்காதீர்கள். தடைக்கால நிவாரணப் பணம் வீட்டுச் செலவுக்கு மட்டும் இருக்கட்டும். ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள் தடை முடிந்து, ஜூன் நடுவில் படகுகள் இறங்கும்போது, முதல் பங்கிலிருந்தே முன்பணத்தில் சிறிது கழிக்கும்படி முதலாளியிடம் இப்போதே பேசி, கழித்த தொகையை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். ஓரியூருக்குப் பேருந்துச் செலவு சேர்ந்த பிறகு கணவரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.