கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலம் நோன்புக் காலம் என்றால், மூன்றாம் ஞாயிறு மட்டும் குருவின் உடை ஏன் ரோஜா நிறம்?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைப் போலவே ஊதா உடை, ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ச்சிக் கீதமும் கிடையாது. ஆனால் அல்லேலூயா நிற்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? துக்கத்துக்கான காலமல்ல இது, காத்திருப்புக்கானது. டிசம்பர் 16 வரை வாசகங்கள் பெரும்பாலும் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பேசும். 17 முதல்தான் பெத்லகேம் பக்கம் திரும்பும்.

மூன்றாம் ஞாயிறு பாதி வழி தாண்டிய நாள். அன்றைய வருகைப் பல்லவி (திருப்பலியின் தொடக்க வரி) பிலிப்பியர் 4:4: “ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்.” அந்த மகிழ்ச்சிக்குத்தான் ரோஜா நிறம். பவுல் இதை எழுதியது சிறையிலிருந்து. மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் முதலாம் ஆண்டு நற்செய்தியிலும் சிறைதான்: திருமுழுக்கு யோவான் உள்ளேயிருந்து இயேசுவிடம் ஆளனுப்பி, “வரவிருப்பவர் நீர்தாமா?” என்று கேட்கிறார் (மத்தேயு 11). இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை; பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது என்று போய்ச் சொல்லச் சொல்கிறார். சந்தேகம் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று பயமுறுத்துகிறவர்கள் இந்தப் பகுதியை மறுபடி வாசிக்கலாம்.

துயரத்தின் நடுவிலும் நம்பிக்கையோடு காத்திருப்பதைக் கடலூர்க்காரர்களுக்குக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள். 2011இல் தானே புயல் டிசம்பர் 30. அடுத்த ஆண்டும் திருவருகைக் கால மெழுகுவர்த்தி ஏற்றத்தான் செய்தார்கள்.

புதுச்சேரியில் இருந்தால் டிசம்பர் 8 அமலோற்பவ அன்னை (பாவக்கறையின்றிக் கருவில் உருவான மரியா) விழாவுக்குச் சம்பா கோவில் என்னும் பேராலயத்துக்குப் போய்ப் பாருங்கள். பேராலயமே அந்த அன்னையின் பெயரில்தான். இதே காலத்துக்குள் வரும் வெள்ளை உடை நாள் அது.