பவுடர் ரூமும் போர் தண்ணீரும்

கேள்வி: ராமமூர்த்தி நகரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடிப்படிக்கு அடியில் நாலடிக்கு ஆறடி இடம் கிடைத்திருக்கிறது. வருகிறவர்களுக்கென்று அழகாக ஒரு பவுடர் ரூம் (குளியல் இல்லாத சின்ன டாய்லெட்) போட ஆசை. டிசைனர் கறுப்புக் குழாய், கல் மேடை மேல் கிண்ணம் மாதிரி உட்காரும் பேசின், இத்தாலியன் மார்பிள் என்று படம் படமாகக் காட்டுகிறார். எதை வாங்கலாம், எதை விடலாம்? (வாசகி, ராமமூர்த்தி நகர்)

பதில்: படங்கள் இருக்கட்டும். குழாயில் வரப்போவது எந்தத் தண்ணீர்? காவிரியா, போரா, டேங்கரா? பெங்களூரில் பாத்ரூம் எத்தனை நாள் அழகாக இருக்கும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். போர் தண்ணீரில் ஒரு துளி காய்ந்தால் வெள்ளைப் பொட்டு நிற்கும். டேங்கரில் வருவதும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய போர் தண்ணீர்தான். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரப்படி மொத்தக் கடினத்தன்மை (இந்தப் பொட்டை உண்டாக்கும் கால்சியம், மெக்னீசிய உப்பு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. கடினத்தன்மை பார்க்கும் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் போதாது, அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும்.

அளவு அதிகமென்றால் கறுப்புக் குழாயை மறந்துவிடுங்கள். அதில்தான் உப்புக்கறை எடுப்பாகத் தெரியும். பிரஷ்டு நிக்கல் கறையை ஓரளவு மறைக்கும். குரோமில் கறை தெரியும், ஆனால் துடைத்தால் போய்விடும். கறுப்புதான் வேண்டும் என்றால், பூச்சு பிவிடியா (வெற்றிடத்தில் உலோகத்தின் மேல் படியவைக்கும் கெட்டிப் பூச்சு), வெறும் பெயின்டா என்று கடையில் கேளுங்கள். விற்பவருக்கே பதில் தெரியவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். குழாயைக் கையில் தூக்கியும் பாருங்கள். பித்தளை கனக்கும்.

அடுத்தது அந்தக் கிண்ண பேசின். நானும் ஒன்று வாங்கினேன். ஆழம் நாலு அங்குலம், பார்க்க அவ்வளவு அழகு. முதல் விருந்தன்றே மாமா ஒருவர் சாம்பார்க் கையோடு உள்ளே போனார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பேசின் சரிவில் அடித்து அப்படியே அவர் வேட்டியில் தெறித்தது. பாவம், ஈரம் காயும்வரை வெளியே வரவே இல்லை. படம் எடுக்கிறவர்கள் நினைப்பது விரல்நுனி நனைக்கும் விருந்தாளியை. நம் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவார்கள். அதனால் ஆறு அங்குலமாவது ஆழம் இருக்கட்டும். குழாயிலிருந்து விழும் நீர், ஓட்டைக்கு அருகே விழ வேண்டும். கடையிலேயே பேசினையும் குழாயையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பேசினின் விளிம்பு தரையிலிருந்து 33, 34 அங்குலத்தில் வர வேண்டும். ஆறு அங்குல பேசினுக்கு மேடை 27, 28 அங்குலம். சில மேஸ்திரிகள் பழக்கதோஷத்தில் மேடையையே 32க்குக் கட்டிவிடுவார்கள். அப்புறம் குழந்தைகளுக்கு எட்டாது, பெரியவர்களுக்கு முழங்கை வரை தண்ணீர் வழியும்.

இன்னொன்று, சாப்பிட்டபின் கம்மோடு இருக்கும் அறைக்குள் போய்க் கை கழுவ நம்மில் பலருக்குப் பிடிக்காது. இடம் இருந்தால் பேசினைக் கதவுக்கு வெளியே வையுங்கள். மிச்சமெல்லாம் உள்ளே இருக்கட்டும். உங்கள் ஆறடியில் இது முடியும்.

மார்பிள் வேண்டாம். எலுமிச்சை ரசம் பட்டாலே பளபளப்பு போய்விடும். பாத்ரூம் ஆசிட் பட்டால் கேட்கவே வேண்டாம். ஜிகணிப் பக்கம் கிரானைட் கடைகளில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். இந்த மேடைக்கு ஒரு துண்டு போதும், முழு ஸ்லாப் எடுக்கச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

கம்மோடு: சுவரில் தொங்கும் மாடல் என்றால் கழிவுக்குழாய் சுவரில் வர வேண்டும், மறைவு சிஸ்டர்னுக்கு (சுவருக்குள் மறையும் ஃப்ளஷ் தொட்டி) சுவர் ஏறக்குறைய அரையடி முன்னால் வரும். தரையில் ஏற்கெனவே குழாய் விட்டிருந்தால் சுவரிலிருந்து குழாயின் மையம்வரை அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கம்மோடின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் 15 அங்குலம் காலியாக இருக்கட்டும். படியின் தாழ்வான பக்கம் கம்மோடு, தலை நிமிர்ந்து நிற்கிற பக்கம் பேசின்.

விருந்தாளி வராத வாரங்களில் தரை டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) தண்ணீர் வற்றி நாற்றம் ஏறும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும், வாசனைத் திரவியம் எதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: 11,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கறுப்புக் குழாய் ஐந்தே மாதத்தில் உரிகிறது. கடைக்காரர் 'உப்புத் தண்ணீர், வாரண்டி கிடையாது' என்கிறார். பில்லும் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது. (வாசகர், அல்சூர்)

பதில்: முதலில் அது கறையா, உரிதலா என்று பாருங்கள். வினிகரில் நாலு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, ஐந்து நிமிடம் சுற்றி வைத்துக் கழுவுங்கள். வெள்ளை போய்விட்டால் அது உப்பு. கீழே உலோகம் தெரிந்தால் பூச்சில் கோளாறு இருக்கலாம். அதற்குத் தண்ணீர் மட்டும் காரணமாகிவிடாது. ஸ்கிரப்பர் போட்டுத் தேய்த்திருந்தால் மட்டும் உங்கள் வாதம் பலவீனம்.

வாரண்டி அட்டையில் பொடி எழுத்தைப் படியுங்கள். குழாய்க்குப் பல வருடம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பூச்சுக்குத் தனிக் கெடு இருக்கலாம்.

பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான், ஆனால் அதற்கு பில்லில் போட்ட கெடு, எதுவும் போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதால் வாரண்டியை வைத்துத்தான் பேச வேண்டும். யுபிஐயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் எஸ்டிமேட் சீட்டும் சாட்சி. போட்டோவோடு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

கேள்வி: பவுடர் ரூமில் ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா? (வாசகி, பிரேசர் டவுன்)

பதில்: தாராளமாக. குளியல் இல்லாத அறை என்பதால் அதற்கு ஏற்ற இடம்தான். ஆனால் அது சூளையில் சுடாத சிமென்ட் ஓடு. கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணக் கலவையை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். ஆசிட் பட்ட இடம் அரித்துப் போகும். அதனால் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் ஆசிட் பாட்டிலை இந்த அறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள். கையால் செய்வது, அடுத்த தடவை அதே நிறம் கிடைக்காது.

கேள்வி: புதுக் கண்ணாடியில் முகம் பேயடித்த மாதிரி தெரிகிறது. கண்ணாடி மட்டமா? (வாசகர், கோரமங்களா)

பதில்: கண்ணாடி நல்லதுதான். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். முக உயரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு போடுங்கள். விளக்குப் பெட்டியில் 3000 அல்லது 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறம்), சிஆர்ஐ 90 (நிறங்களை இயல்பாகக் காட்டும் அளவு) என்று இருக்கிறதா பாருங்கள். 6500 போட்டால் மறுபடியும் பேய்தான்.