ஒரு பெண் பூச்சியை வைத்துப் புது இனம் எழுதலாமா?
தம்பி, அம்பாறைப் பக்கம் ஓடையில் பிடித்த காடிஸ் பூச்சி (அந்துப்பூச்சி மாதிரி இருக்கும், புழுப்பருவத்தில் தண்ணீரில் வளரும் பூச்சி) எந்தப் படத்தோடும் ஒத்துவரவில்லை, இருப்பது ஒரே ஒரு பெண், புது இனமென்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். இந்தப் பூச்சிகளில் இனத்தைப் பெரும்பாலும் ஆணின் பிறப்புறுப்பை வைத்துத்தான் பிரிப்பார்கள், இறக்கை நிறத்தை நம்ப முடியாது, இறக்கையிலுள்ள மயிர் உதிர்ந்தாலே வேறு பூச்சி மாதிரித் தெரியும். வனஜீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி எடுத்துக்கொண்டு, பொழுதுபட்டதும் ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டி லைட் வைத்தால் ஆண் பூச்சிகளும் வரும். பிடித்தவற்றைக் கெடாமல் வைக்க 80 சதவீத எத்தனோலில் போடுங்கள். அப்புறம் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைத்து, தசை கரைந்து பிறப்புறுப்பு தெளிவாகத் தெரிந்ததும் வரைந்து, பூச்சியியலாளர் ஷ்மிட் 1958இல் இலங்கை இனங்களுக்கு வெளியிட்ட படங்களோடும் பிறகு வந்தவற்றோடும் ஒப்பிடுங்கள். உண்மையிலேயே புதிது என்றால், மூலமாதிரி (புதுப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் அந்த ஒரு பூச்சி) எது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்று கட்டுரையிலேயே எழுதுங்கள், அது இல்லாமல் பெயர் செல்லாது.