ஏலக்கூடத்துப் பூனைகள்

கேள்வி: மீன் ஏலக்கூடத்தை ஒட்டிய எங்கள் தெருவில் 20 பூனைகளுக்கு மேல் பெருகிவிட்டன. தொலைவில் கொண்டுபோய் விடச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுக்கலாமா?
- வாசகி, குளச்சல்

பதில்: மனு அவசியம் கொடுங்கள் அம்மா, ஆனால் பூனைகளை அகற்றச் சொல்லாமல், கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும்படி கேளுங்கள். சாளை மீனின் தலையும் குடலும் சிதறிக் கிடக்கும் கரையில், இருக்கும் பூனைகளை அகற்றினால் அந்த இடத்துக்குப் புதியவை வந்து சேரும். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும். சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி போடும். எனவே பாதியளவில் நிறுத்திய பணி பலன் தராது.

கூண்டும் மருத்துவரும் நகராட்சி தரட்டும். பூனைகளைப் பழக்குவது உங்கள் தெருவினரால்தான் முடியும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்துவிட்டு மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவு உணவு வேண்டாம். பசித்த பூனை சாளை வாசனைக்குத் தானாகவே கூண்டுக்குள் வரும். கதவு விழுந்ததும் அது கம்பியில் மோதித் துடிப்பதைப் பார்க்க மனம் பதறும். கூண்டின் மேல் பழைய துணியைப் போர்த்தினால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். அறுவையின்போதே அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள் என்பதால், அதே பூனையை மறுபடி பிடிக்க நேராது.

யாரேனும் விஷம் வைக்கலாம் என்று சொன்னால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.