நர்ஸ் வேலை எந்த வார்டிலும் ஒன்றுதானே?

"கொரோனா நேரத்தில் வேறு வார்டுக்கு மாற்றிய நர்ஸ்களுக்கு மனபாதிப்பு என்கிறார்களே, எந்த வார்டானாலும் வேலை ஒன்றுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார், அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒன்றில்லை. கடலூரில் 11 வருடம் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தவள் நான். 2021 மே மாதம் ஒரு மதியம் போன் வந்தது: நாளையிலிருந்து கொரோனா வார்டு. அவ்வளவுதான்.

குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கூடிப்போனால் விழித்திரை கெடும். மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 95-ஐத் தாண்டினால் எங்கள் கை தானாகக் குமிழைத் திருகிக் குறைத்துவிடும். கொரோனா வார்டில் மூன்றாம் நாள் ஒரு பெரியவருக்கு 97 காட்டியது. என் கை போய்க் குறைத்துவிட்டது. "அக்கா, என்ன பண்றீங்க!" என்று கத்தினாள் அந்த வார்டு நர்ஸ், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். இரண்டு வாய் தண்ணீர் குடித்தாலே 84-க்கு இறங்குகிற மனுஷன் அவர். (97-இல் குறைப்பது தப்பில்லை என்று யாராவது வருவீர்கள். தெரியும். அவருக்கு அன்றைக்குத் தப்பு.)

நோய்ப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. தடுப்பூசி போட்டபின் பாதி போய்விட்டது. ஆனால் ஒரு கிலோக் குழந்தையின் நூல் மாதிரி நரம்பில் மஞ்சள் கேனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய ஊசிக்குழாய்) ஏற்றுகிறவள், வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று முழித்துக்கொண்டு நின்றேன். அது போகவில்லை.

ஆகஸ்டில் திருப்பி அனுப்பினார்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு குழந்தைக்கு 98. 'அப்பாடா, நல்ல நம்பர்' என்று நிற்கிறேன்! பக்கத்து சிஸ்டர்தான் ஓடிவந்து குறைத்தார். அதற்கப்புறம் ஆறு மாதம் மணிக்கட்டில் பேனாவால் 90–95 என்று எழுதிக்கொண்டுதான் டியூட்டி பார்த்தேன். கை கழுவக் கழுவ அழியும், மறுபடி எழுதுவேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நர்ஸ், டாக்டர்களுக்கு நன்றி என்று மாடியில் நின்று தட்டைத் தட்டியவர்தான் எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வாடகை வீட்டு ஓனர். அடுத்த வருடம் அவரே என்னைப் பின்பக்கப் படியில் ஏறச் சொன்னார். காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் எட்டாயிரம் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவரில் நாங்கள் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.